பொலோனியாவில் கழற்றி வைத்த சப்பாத்து

என் வாயாடி மச்சாள் துஷிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன் டி! இரண்டு வருடமாக நீயும் நானும் வாய் ஓயாமல் கதைத்த இத்தாலியின் பொலோனியாவில், மூன்றாம் மாடி ஜன்னலோரத்தில் இருந்து இதை எழுதுகிறேன். ஊரே செங்கல் நிறம். நீ காட்டிய படங்களில் இருந்ததைவிடச் சிவப்பு. வந்த நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான பசியும் இல்லை, நித்திரையும் இல்லை. மனதுக்குள் அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு புளுகம்.

உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? அம்மாவுக்குப் போன் எடுத்துத் துள்ளினால், "மெல்லமாய்க் கதை பிள்ளை, மாமிக்குக் கேட்டால் மனம் நோகும்" என்கிறார். லண்டனின் ஒரு கோடியில் பிளேஸ்டோவில் இருக்கிற என் அம்மா, மறு கோடியில் விம்பிள்டனில் இருக்கிற உன் அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்று, பொலோனியாவில் இருக்கிற என்னை மெல்லமாய்க் கதைக்கச் சொல்கிறார்! இதற்கே நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை அது. லண்டனில் ஒரே வகுப்பில் கட்டடக்கலை படித்த எங்கள் இரண்டு பேருக்கும் இந்த ஒரு வருடப் படிப்புக்கு இடம் கிடைத்தது. தை மாதம் ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை. நான் தனியே என்றாலும் போகப்போகிறேன் என்று சொன்ன அன்று மாமி ஒன்றுதான் கேட்டார். "அவள் போகாத ஊருக்கு நீ ஏன் பிள்ளை போறாய்?" அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவே இல்லை.

நான் வெளிக்கிட்ட அன்று முழுச் சொந்தமும் எங்கள் வீட்டில். எங்கள் ஆட்களைத் தெரியும்தானே, ஒரு பிள்ளை விமானம் ஏறுகிறது என்றால் ஊரே திரண்டு வந்து திருநீறு பூசும். மாமி மட்டும் வரவில்லை. விம்பிள்டனிலிருந்து பிளேஸ்டோவுக்கு ஒரே ட்ரெயின், மாறி ஏறக்கூடத் தேவையில்லை. வர மனம் இல்லை, வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால் ஒரு முடிவோடுதான் வந்தேன். வருகிற திங்கட்கிழமை இங்கே பல்கலைக்கழகத்தில் பதிய வேண்டும். லண்டன் வகுப்பில் என் இடம் அதுவரை அப்படியே இருக்கும். அதற்குள் மாமி என்னோடு ஒரு வார்த்தை கதைக்காவிட்டால் பதியாமல் திரும்பிவிடுவது. உன் அம்மாவையும் இழந்துவிட்டு எனக்கு என்ன இத்தாலி? உன்னை இழந்ததே போதும் டி.

இவ்வளவு பாரத்தோடு வந்தவள் மூலையில் முடங்கியல்லவா கிடக்க வேண்டும்? இந்த ஊர் விட்டால்தானே! தெருவெல்லாம் நடைபாதைக்கு மேலே வளைவு வளைவாகக் கூரை. மழை கொட்டினாலும் ஒரு துளி தலையில் விழாது. நான் லண்டன் பழக்கத்தில் அந்தக் கூரைக்குக் கீழே குடையை விரித்துக்கொண்டு போயிருக்கிறேன். எதிரே வந்த ஒரு மனிதர் என் குடையைப் பார்த்தார், அண்ணாந்து கூரையைப் பார்த்தார், பாவம் என்று வழிவிட்டார்.

பட்டம் எடுக்கும் முன் இங்கேயுள்ள பெரிய கோபுரத்தில் ஏறினால் பட்டமே கிடைக்காதாம். இப்போது அது பூட்டிக் கிடக்கிறது, ஆனாலும் இங்கே படிக்கிற பிள்ளைகள் அதன் வாசல் பக்கமே போகிறார்கள் இல்லை. பூனை குறுக்கே போனால் திரும்பி வருகிற எங்கள் அப்பா தேவலை!

பெரிய சதுக்கத்துப் பக்கத்தில் நீ சொன்ன மண்டபத்துக்கும் போனேன். ஒரு மூலையில் சுவரைப் பார்த்து இரகசியம் பேசினால் எதிர் மூலையில் நிற்பவருக்குக் கேட்கும் என்றாயே, அதே இடம்தான். எதிர் மூலையில் நிற்க நீ இல்லை. ஆனாலும் சுவரோடு வாயை வைத்து "துஷி" என்றேன். "சீ?" என்று இத்தாலியனில் பதில் வந்தது, எங்கள் 'ஓம்?' மாதிரி. திரும்பிப் பார்த்தால் யாரோ ஒரு பெடியன்! ஓடியே வந்துவிட்டேன். நீ எங்கே டி நின்றாய் அப்போது?

நேற்று சனிக்கிழமை, நீ முதலில் போக வேண்டும் என்று அடம்பிடித்த மலைமேல் மாதா கோயிலுக்குப் போனேன். ஊர் எல்லையிலிருந்து மலை உச்சிவரை அந்த வளைவுக் கூரை ஏறிக்கொண்டே போகிறது. பாதி வழியில் மூச்சு வாங்க நின்றபோது, நீ வந்திருந்தால் இந்நேரம் டாக்சி கேட்டிருப்பாய் என்று நினைத்தேன். அண்ணாந்து கட்டடம் பார்க்கத்தான் உனக்கு விருப்பம், நடக்க அல்ல.

மேலே போய்ச் சேர்ந்தால் மணி அடிக்கிறது, உள்ளேயிருந்து சாம்பிராணி வாசம் வருகிறது. என் கால்கள் தம்பாட்டில் சப்பாத்தைக் கழற்றிவிட்டன. விம்பிள்டன் கோயிலில் வைப்பதுபோலவே படியோரமாகச் சோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். பளிங்குத் தரை சில்லிட்டபோதுதான் சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் கழற்றவில்லை. என் காலுறை ஓட்டைக்குள்ளால் பெருவிரல் வேறு எட்டிப் பார்க்கிறது. இனி என்ன செய்வது, வந்தது வந்ததுதான் என்று அப்படியே முன்னுக்குப் போனேன். நீ சொன்னது சரி. மாதா எங்களைப் போலக் கறுப்பு. மாமி என்னோடு கதைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

வெளியே வந்தால் என் சப்பாத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறார். நாற்பது வயதிருக்கும்.

"நீங்கள் தமிழோ?"

"ஓம் அக்கா. எப்பிடித் தெரியும்?"

"கோயில் வாசல்ல சப்பாத்தைக் கழட்டி இப்பிடி அடுக்கி வைக்கிறது வேற ஆர்? நானும் முதல்முதல் வரேக்க கழட்டினனான். திரும்பி வந்து பார்த்தால் காணேல்லை. வெறுங்காலோட மலை இறங்கினனான். அதுதான் காவல் நிக்கிறன்."

இரண்டு பேரும் படியில் இருந்து சிரித்த சிரிப்பைப் பார்க்க நீ இல்லாமல் போனாயே! "தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்டார். "இல்லை, மச்சாளோட" என்றது என் வாய். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

சப்பாத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க என்னை ஒரு படமும் எடுத்தார். "வீட்டுக்கு அனுப்புங்கோ, சிரிப்பினம்." நானும் புளுகத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். போட்ட பிறகுதான் மாமியும் அதில் இருப்பது நினைவு வந்தது. வாயெல்லாம் பல்லாக நான் நிற்கிற படம்! அழிக்கப் போகிறேன், போன் அடிக்கிறது. மாமி.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டே உள்ளுக்குப் போனனி?"

"ஓம் மாமி."

மறுபக்கம் ஒரு சத்தம். அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, சிரிக்கிறார் டி. உன்னைப் போலவே மூக்கால். "விசர்ப் பிள்ளை" என்றார் செல்லமாக. அந்தத் துணிச்சலில் கேட்டுவிட்டேன்.

"மாமி, என்னை அனுப்ப நீங்கள் ஏன் வரேல்லை? கோவமோ?"

மாமியின் சிரிப்பு நின்றது.

"கோவம் இல்லை பிள்ளை. உனக்குக் குடுத்துவிட மிளகாய்த்தூள் வறுத்து இடிச்சனான். பார்சல் கட்டி முடிச்சுப்போட்டு மேசையைப் பார்க்கிறன், ரெண்டு பார்சல் இருக்கு. கை தன்பாட்டில ரெண்டு பேருக்கும் கட்டிப்போட்டுது. அதில ஒண்டை விட்டுப்போட்டு மற்றதைத் தூக்கிக்கொண்டு ட்ரெயின் ஏற எனக்கு ஏலாமல் போச்சு."

அந்தப் படியிலேயே இருந்து குழறிவிட்டேன். அக்கா என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் அழுது முடியும்வரை மாமியும் போனை வைக்கவில்லை. பிறகு மூக்கைச் சீறிவிட்டு, பழைய அதட்டல் குரலில் கேட்டார்.

"திங்கட்கிழமை பதியிறியோ?"

"நீங்கள் சொன்னால் பதியிறன்."

"பதி. மார்கழியில ரெண்டு பார்சலையும் நானே கொண்டு வாறன். குளிர் கூடவோ அங்க?"

நாளைக் காலை போய்ப் பதியப் போகிறேன் டி! இனி என் புளுகத்தை உனக்கு மட்டும் இரகசியமாய் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பார்க்கிற ஒவ்வொரு வளைவையும் கோபுரத்தையும் மாமிக்கும் போன் எடுத்துச் சொல்வேன், பிளேஸ்டோவில் அம்மாவுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாக. மார்கழியில் அவரை நீ பார்க்க நினைத்த எல்லா இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போவேன். சத்தியம்.

உன் பார்சலையும் சேர்த்துக் கறி வைக்கப்போகிற,
உன் மச்சாள்
அபி