கரிசல் திருப்பிக் கொடுத்தவள்

வைகாசி 9, புதன்

வெயில் ஏறுமுன் பூசை முடிந்தது. கோயிலில் நடக்கும் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவுக்கு அம்மையப்பன் திருவடிவத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பள்ளியில் தமிழாசிரியனாக இருந்த நாள் முதல் சொல்லிவரும் பொருள், குறிப்பு வேண்டியதில்லை. வலப்பாகம் அறிவு, இடப்பாகம் அருள், இரண்டும் ஒன்றென உணர்த்த வந்த உவமை. அவ்வளவுதான்.

அக்காள் மகன் தங்கசாமி போனில் பேசினான். எப்போதும்வென்றான் ஊரில் இருக்கும் எங்கள் பூர்வீகக் கரிசலைச் சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். தூண் நிறுத்தக் குழி தோண்டத் தொடங்கிவிட்டார்களாம். அக்காளைப் பற்றிக் கேட்டேன். "அம்மா அப்பிடியேதான் இருக்காவ மாமா. கஞ்சிகூட எறங்க மாட்டேங்கு" என்றான்.

போய்ப் பார்க்க வேண்டும். என்னைக் கண்டு அவள் முகம் மலர்ந்த நாள் ஒன்று என் நினைவில் இல்லை. பிள்ளைப் பருவத்திலும் அவள் கையால் எனக்கு ஒரு வாய் ஊட்டியதில்லை. ஆயினும் போக வேண்டும்.

வைகாசி 10, வியாழன்

தங்கசாமி பைக்கில் வந்தான். துண்டில் சுற்றிய மண் கலயம் ஒன்றை நடுவீட்டில் வைத்தான். ஜேசிபி அள்ளிய மண்ணோடு வந்ததாம்.

"புதையல்னு நெனச்சு டிரைவர் வண்டியவிட்டுக் குதிச்சுட்டான் மாமா. தொறந்து பாத்தவன் வாயப் பொத்திக்கிட்டு அந்தாக்குல போயிட்டான்."

உள்ளே ஒரு சோடி வெள்ளித் தண்டை. ஐந்து வயதுக் குழந்தையின் காலுக்கு உரியது. சிவப்புப் பாவாடையின் கந்தல். கல்லாக இறுகிய மஞ்சள் துண்டு. நெல்மணியளவில் ஒரு மூக்குத்தி.

என் மனைவி வெள்ளைத்தாய் அடுக்களை வாசலைத் தாண்டி வரவில்லை. "பொதைச்ச சாமான வீட்டுக்குள்ள கொண்டாருவியாலே? யாரு பெத்த பிள்ளையோ!"

"எலும்பு ஒண்ணும் இல்ல அத்த. நல்லாக் கொட்டிப் பாத்துட்டேன்."

"அதுதாம்லே பயமா இருக்கு."

கலயத்தைப் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் வைக்கச் சொன்னேன். அவன் போனபின் மூக்கின் வலப்பக்கம் அரித்துக்கொண்டே இருந்தது. அங்கே எனக்கு ஒரு தழும்பு உண்டு. எனக்குமுன் பிறந்த ஆண்பிள்ளைகள் மூவரும் தவறிப்போனதால், எமன் கண்ணுக்குத் தப்ப எனக்கு மூக்குக் குத்தி, பாவாடை கட்டி, ஐந்து வயதுவரை பெண்பிள்ளையாக வளர்த்தார்கள். இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் நடந்ததுதான். வகுப்பில் மாணவர்களிடம் சிரிப்போடு சொல்லியும் இருக்கிறேன்.

வைகாசி 12, சனி

நேற்றுக் கோயிலில் நடந்ததை எழுதாமல் இருக்க இயலவில்லை. இறைவனைக் காதலனாகவும் தம்மை மங்கையாகவும் கொண்டு அடியார் ஒருவர் பாடிய பதிகத்தை இடையில் பாடினேன். நூறு முறை பாடியது. நேற்றுத் தொண்டை என் வசத்தில் இல்லை. குரல் மேலே ஏறிற்று, இறங்க மறுத்தது. கூட்டம் அசையாமல் இருந்தது.

வெளியே செருப்பு மாட்டும்போது, தாமதமாக வந்த ஒரு பெண் என்னிடமே கேட்டாள்: "உள்ள பாடுன அம்மா எங்க சாமி? ஒரு கும்பிடு போடணும்."

பாடியவன் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

வைகாசி 14, திங்கள்

உச்சிவேளை. அலமாரிக்குள் தண்டை ஒருமுறை ஒலித்தது. காற்று இல்லை. மின்சாரமும் இல்லை.

வைகாசி 15, செவ்வாய்

"தெருவுல எந்த வீட்டுப் பிள்ள உச்சிக்கு உச்சி உள்ள வந்துட்டுப் போவுது? தரையெல்லாம் மண்ணு" என்று வெள்ளைத்தாய் துடைத்த துணியை விரித்துக் காட்டினாள். கருப்பு. எங்கள் தெரு முழுதும் சிமெண்டுச் சாலை.

வைகாசி 17, வியாழன்

அக்காள் ஊரான இடைசெவலுக்குக் கலயத்தோடு போனேன். அக்காள் வேலுத்தாய் கட்டிலில் சருகாகக் கிடந்தாள். என்னைவிட ஐந்து வயது மூத்தவள்; எழுபத்தொன்பது. தங்கசாமி மாத்திரை வாங்கப் போயிருந்தான். நான் வாய் திறக்குமுன் அவள் கண் கலயத்தில் விழுந்தது. கையை நீட்டினாள். தண்டையை எடுத்து மார்பின்மேல் வைத்துக்கொண்ட பிறகே பேசினாள்.

"இது எங்க வெயிலாளுக்குள்ளது."

"யாருக்கா வெயிலாள்?"

"எந்தங்கச்சி. ஒனக்காவ ஒருத்தியப் பொதைச்சாவள்லா, அவ."

கேட்டறிந்ததை முறையாக எழுதிப் பார்க்கிறேன். என்னைப் பெண்ணாக வளர்த்தபோது இட்ட பெயர் வெயிலாள். ஊர் எல்லையில் இருக்கும் வெயிலுகந்தம்மனின் பெயர். ஐந்து வயதில் பள்ளிக்கு ஆணாக அனுப்ப வேண்டும். திடீரென்று சட்டை மாட்டினால், தான் ஏமாற்றப்பட்டதை எமன் அறிந்துவிடுவான். குறி சொல்லும் கோடாங்கி ஒரு வழி சொன்னானாம். பெண் இறந்துவிட்டாள் என்று ஊரறிய அழுது, அவளுடைய சாமான்களைக் கலயத்தில் இட்டு நிலத்தில் புதைக்க வேண்டும். அழுகிறவர்களில் ஒருத்தியாவது உண்மை அறியாதவளாக இருக்க வேண்டும். இல்லையேல் எமன் நம்பமாட்டான்.

அந்த ஒருத்தியாகப் பத்து வயது வேலுத்தாயைத் தேர்ந்தார்கள்.

என்னை மாமன் வீட்டில் ஒளித்துவைத்து, பதினாறாம் நாள் மொட்டையடித்து, சட்டை போட்டுக் கூட்டிவந்தார்களாம். மாமன் வீட்டில் வளர்ந்த தம்பி என்று அவளிடம் சொன்னார்களாம்.

"பெறவு வெவரம் தெரிஞ்சிருக்கும்லாக்கா?" என்று கேட்டேன்.

"புத்திக்குத் தெரிஞ்சுது. அழுத கண்ணுக்குத் தெரியலயே ஆறுமுகம். ஒனக்குச் சோறு போடுதப்பல்லாம், இது அவ சோறுன்னுதான் தோணும்."

பின்பு முகத்தைத் திருப்பிக்கொண்டு, வீட்டுச் செய்தி சொல்வதுபோல் இயல்பாகச் சொன்னாள்: "இப்பம் ஒரு வாரமா உச்சிக்கு வாரா. கட்டில் காலப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. பேச மாட்டேங்கா. ஒங்கிட்ட வரலயா?"

தண்டையைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

வைகாசி 18, வெள்ளி

சொற்பொழிவுக்கு உடல்நலமில்லை என்று சொல்லியனுப்பினேன்.

யாரு செத்தா? நான்தானே அது — பாவாடை கட்டிக்கிட்டுத் திரிஞ்சது நான்தானே? நான் உயிரோட மாமன் வீட்டுல முறுக்குத் தின்னுக்கிட்டு இருக்கையில எனக்கு ஒப்பாரி வச்சிருக்காவ. அம்மா, என்ன காரியம் செஞ்சிய. எமன ஏமாத்தப் போயி அந்தப் பிள்ளைய ஏமாத்திட்டியளே. எந்தப் பிள்ளைய? ரெண்டு பிள்ளையையும்.

வைகாசி 23, புதன்

எப்போதும்வென்றானுக்குத் தனியாகப் போனேன். உச்சிவேளை. வேலையாட்கள் ஜேசிபியின் நிழலில் உண்டுகொண்டிருந்தார்கள். கோடையில் எங்கள் மண் முழங்கை போகும் அளவுக்கு வெடிக்கும், மழையில் மூடும். அப்படி மூடியும் திறந்தும், உள்ளே போட்டதை ஆண்டுக்கு ஒரு விரற்கடை மேலே தள்ளும் என்று உழுபவர்கள் சொல்வார்கள். அவளும் எழுபது ஆண்டாக ஏறி வந்திருக்கிறாள்.

குழியருகே ஒரு வெடிப்பில் காதை வைத்தேன். அனல் மண்ணுக்குள்ளிருந்து குளிர்ந்த மூச்சு வந்தது. அதில் ஒரு முனகல். கோயிலில் நான் பாடிய பதிகத்தின் பண்; சொற்கள் இல்லை; குழந்தைக் குரல்.

"வெயிலாளே" என்று கூப்பிட்டேன்.

வெடிப்பிலிருந்து பதில் வரவில்லை. "என்ன?" என்று என் உதடு கேட்டது.

எழுந்து, திரும்பிப் பாராமல் பேருந்து நிறுத்தம்வரை நடந்தேன்.

ஆனி 2, ஞாயிறு

எங்கள் குலதெய்வம் சாஸ்தா. திருமால் மோகினியாகிப் பெற்ற பிள்ளை. ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்தில் அவர் முன்னே பொங்கலிடுகிறோம். பெற்றவரின் வயிற்றைப் பற்றி ஒருநாளும் நின்று நினைத்ததில்லை. பேறுகால நோவில் தனித்திருந்தவளுக்கு, வெள்ளத்தைத் தாண்டி வர இயலாத அவளுடைய தாயின் உருவில் ஈசனே வந்து மருத்துவம் பார்த்தான் என்று எத்தனை மேடைகளில் உருகியிருக்கிறேன்! வந்தவன் வேடம் போட்டானா? வேடம் என்றால், அந்தப் பெண் தலை சாய்த்த மடி யாருடையது?

உவமை, உவமை என்று சொல்லியே ஒரு வேலி கட்டியிருக்கிறேன். தெய்வங்கள் தயங்காமல் கடந்த கோட்டை நான் மட்டும் காவல் காத்திருக்கிறேன்.

மாலையில் முகம் கழுவும்போது மூக்கின் தழும்பு வழியே ஒரு துளி நீர் வெளியே கசிந்தது.

ஆனி 11, செவ்வாய்

தங்கசாமி பேசினான். அக்காளை இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். உடனே வருவதாகச் சொன்னேன்.

"தப்பா நெனைக்காதிய மாமா. ஒங்கள வர வேண்டாங்காவ. வெயிலாள ஒருக்கா கண்ணுல காட்டச் சொல்லுதாவ. அவ வராம நான் போமாட்டேங்காவ. யாரு மாமா அது?"

ஆனி 12, புதன்

வெள்ளைத்தாயிடம் அனைத்தையும் சொன்னேன், வெயிலாளாகவே போக நினைப்பதையும். அவள் கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். ஆய்ந்த கீரையை மீண்டும் ஆய்ந்தாள்.

"கோயில்ல பேசுத மனுஷன். நாளைக்கு ஒங்கள அந்த மேடையில ஏத்துவாங்களா?"

"ஏத்தாம போகலாம்."

"ஒங்களுக்குப் பயமா இல்லையா?"

"சேல கட்டிக்கிட்டா, பெறவு கழத்த மனசு வராதோன்னு பயமா இருக்கு."

கீரையை ஒதுக்கிவிட்டுத் துணி அலமாரியைத் திறந்தாள். "கலியாணத்தன்னிக்குக்கூட எனக்கு நீங்க கொசுவம் பிடிச்சுவிட்டதில்ல. இப்பம் நான் ஒங்களுக்குப் பிடிக்கணுமாக்கும். இந்தச் சுங்கடிச் சேல நீளம் உண்டு. கரண்டக்காலு தெரியாது."

ஆனி 13, வியாழன்

கடைவீதியில் மெஹராஜ் பேகத்தின் வளையல் கடை. நெடுநாள் பழக்கம்.

"யாருக்கு அண்ணாச்சி? அளவு வளையல் கொண்டாந்தியளா?"

கையை நீட்டினேன். கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். சோப்பைத் தண்ணீரில் குழைத்து என் மணிக்கட்டில் தடவினார்.

"வெரல மடக்குங்க. வலிக்கும்னு நெனச்சா வலிக்கும். பச்ச போடுதேன், ஒங்க நெறத்துக்கு எடுப்பா இருக்கும்."

"ஒண்ணும் கேக்கலயேம்மா" என்றேன்.

"நாப்பது வருசமா கையத்தான் பாக்கேன் அண்ணாச்சி. ஆளப் பாக்க ஆரம்பிச்சா ஏவாரம் ஓடாது."

ஆனி 14, வெள்ளி

அக்காள் வீட்டுக்குக் காரில் போனோம். வெள்ளைத்தாய் என் கொசுவத்தைச் சரிசெய்துவிட்டு, தங்கசாமியோடு வேப்பமர நிழலில் நின்றுகொண்டாள். அவன் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்; பின் கதவைத் திறந்துவிட்டான். நான் மட்டும் வாசலேறினேன்.

அக்காள் கண் விழித்தாள்.

"ஏட்டி" என்றாள்.

எழுபது ஆண்டில் அவள் என்னை அப்படிப் பெண்ணாக அழைத்ததில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"ஏன் வாசல்லயே நிக்கிய? ரெண்டு பேரும் உள்ள வாங்க."

என் பின்னால் யாரும் இல்லை. தெருவும் வெயிலும்தான். ஆனால் கட்டிலருகே போய் நின்றபோது, இடப்பக்கம் முழங்காலுக்கு நேராக ஒரு சிறு கை என் கொசுவத்தைப் பற்றிற்று. குனிந்து பார்க்கவில்லை. பற்றிக்கொள்ளட்டும் என்று நின்றேன். அச்சம் இருந்தது, ஆனால் அந்தக் கையை உதறும்படியான அச்சம் அன்று.

"சாப்பிட்டியாட்டி?"

"இல்லக்கா." என் குரல் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, உயரத்தில் இருந்தது.

தனக்கு ஆற்றி வைத்திருந்த கஞ்சியில் ஒரு கரண்டி எடுத்தாள். பாதி என் சேலையில் சிந்திற்று. மீதியை ஊட்டிவிட்டாள்.

ஆனி 16, ஞாயிறு

அக்காள் போய்விட்டாள். உச்சிவேளையில்.

ஆனி 18, செவ்வாய்

நேற்று அடக்கம் முடிந்தது. தண்டையை அவள் பிடியிலிருந்து எடுக்க முடியவில்லை, அதோடுதான் கொண்டுபோனார்கள்.

பிறந்த வீட்டுக் கோடித்துணியை உடன்பிறந்தவனாக நான்தான் போர்த்தினேன். வேட்டி, துண்டு; முறை எதிலும் குறை வைக்கவில்லை. ஆண்கள் இருந்த பந்தலுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. பெண்கள் தோளோடு தோள் கட்டி அழும் வட்டத்தின் ஓரத்தில் நின்றேன். பச்சை வளையல் கையிலேயே இருந்தது. பந்தலில் யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது.

வட்டத்தில் எனக்குத் தெரியாத ஒருத்தி என் கையைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம்விட்டாள். "உக்காரு தாயி" என்றாள். அவள் கை என் தோளில் விழுந்தது.

என் அக்கா என்று தொடங்கினேன். குரல் மேலே ஏறிற்று. இறங்கச் சொல்லவில்லை. பத்து வயதில் எனக்காக அவள் அழுதாள். அவளுக்காக நான் அழுதேன். அங்கே அழுதவர்களில் உண்மை அறியாதவர் யாருமில்லை.

ஆடி 3, வெள்ளி

காலையில் மூக்குத்தியைப் போட்டுப் பார்த்தேன். தடையின்றி உள்ளே போயிற்று. ஒரு சொட்டு இரத்தம் இல்லை.

மாலையில் கோயிலுக்குப் போகிறேன். வைகாசியில் பாதியில் விட்ட அம்மையப்பன். கோயில் குழுவில் இரண்டு பேர் மறுத்தார்களாம். நிர்வாகி, "இன்னிக்கு ஒரு நாள் பேசட்டும், பாப்போம்" என்று சொல்லியிருக்கிறார். வேட்டிதான் கட்டப்போகிறேன். வளையலும் மூக்குத்தியும் இருக்கும். சில நாள் சுங்கடி. யார் நீ என்று கேட்டால் 'இருவரும்' என்று சொல்ல அணியமாக இருக்கிறேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

உச்சி தாண்டியதும் வெள்ளைத்தாய் தரை துடைக்க வந்து, துணியோடு நின்றுவிட்டாள். கரிசல் மண்ணாகப் பதிந்த காலடிகள், வாசலிலிருந்து அலமாரிவரை. ஒன்று ஐந்து வயதுப் பிள்ளையின் கால். அதை ஒட்டியே, கையைப் பிடித்து நடந்ததுபோல், பத்து வயதுக் கால் ஒன்று.

"இப்பம் ரெண்டு பேரா வருதுவளா?" என்றாள்.

துணியை வாளியில் போட்டாள். டப்பாவிலிருந்து கடலைமிட்டாய் இரண்டு எடுத்து நிலைப்படியில் வைத்தாள். கதவைச் சாத்தவில்லை.