கொக்கு வந்த வீட்டில் சத்தம் கூடாது

அன்புள்ள லாம்,

இங்கே அப்பா, நான், ஊத் சித்தப்பா, வாத்துகள் எல்லோரும் சுகம். இந்த வருடம் வெள்ளம் சமையலறைப் படிவரை வந்து, உள்ளே வரலாமா என்று யோசித்துவிட்டு அப்படியே திரும்பிப் போனது. நீ அந்த மலையடி முட்டைக்கோஸ் தோட்டத்தில் கழுத்தை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அப்படி இல்லையென்றால் இன்றிலிருந்து அப்படி இரு. போனில் சொல்லாமல் அம்மா ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று நினைப்பாய். போனில் நான் கத்தினால்தான் உனக்குக் கேட்கும், கத்த முடியாத நிலைமையில் இப்போது நம் வீடு இருக்கிறது. தாம் அத்தையின் மருமகன் விடுமுறை முடிந்து ஜப்பானுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதையும் உலர்த்திய லிங் மீனையும் கொடுத்தனுப்புகிறேன். மீனைச் சிறு தீயில், ஜன்னலைத் திறந்துவைத்து வறு, பக்கத்து அறைக்காரர்கள் பாவம்.

விஷயம் இதுதான். பின்தோட்டத்து மூங்கில் தோப்பில் கொக்குகள் இறங்கிவிட்டன. ஆமாம், தெத் புத்தாண்டுப் பண்டிகைக்குப் பிறகு உனக்கும் லுவாவுக்கும் வீடு கட்டுவதற்கென்று அப்பா முளை அடித்து வைத்த அதே இடத்தில்தான். வெள்ளம் ஏறத் தொடங்கியபோது சாயங்காலம் நாலைந்து வந்து உட்கார்ந்தன, வழிப்போக்கர்கள் என்று நினைத்தேன். இப்போது பொழுது சாய்ந்தால் மூங்கில் நுனியெல்லாம் வெள்ளை, நடுவில் நீர்க்காகங்கள் வேறு. துணி உலர்த்த முடியவில்லை, நாற்றமும் உண்டு, அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். ஆனால் எச்சம் விழுந்த ஓரத்தில் நான் தூக்கிப் போட்ட பூசணி விதை முளைத்து, கேட்பாரில்லாமல் வேலிமேல் ஏறிக்கொண்டிருக்கிறது.

கொக்கு இறங்கினால் நம் பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். சண்டை சச்சரவில்லாத வீடு பார்த்துத்தான் வரும், வீட்டில் குரல் உயர்ந்தால் எழுந்து போய்விடும், போகும்போது வீட்டின் நல்லதையும் கூட்டிக்கொண்டு போகும். நான் கான் தோவில் விவசாயக் கல்லூரியில் படித்தவள், கொக்குக்கு வேண்டியது உயரமும் பக்கத்தில் மீனும்தான் என்று பரீட்சையில் எழுதியவள். அதைத் தாம் அத்தையிடம் சொல்லிப் பார். அவள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தினமும் வானத்தைப் பார்க்கிறாள், கொஞ்சம் குறைவாகத் தெரிந்தால் போதும், "என்னடி, இன்னைக்குக் கூட்டம் கம்மியா இருக்கே, புருஷன்கூட மல்லுக்கட்டினியா?" என்று அங்கிருந்தே கேட்கிறாள். கத்திக் கேட்பவள் அவள், பழி எனக்கு.

மல்லுக்கட்ட எங்களுக்குக் காரணமும் இருந்தது. பண்டிகைக்கு முன்னால் மூங்கிலை வெட்டி மண் கொட்டினால்தான் உன் வீட்டு வேலை நேரத்துக்குத் தொடங்கும், லுவாவின் அப்பாவிடம் வாக்குக் கொடுத்தாயிற்று, பெண் வீட்டார் முன்னால் தலைகுனிய முடியாது என்பது அப்பாவின் பேச்சு. தேடி வந்து இறங்கியதை விரட்டிவிட்டு அதன்மேல் பிள்ளைக்கு வீடு கட்டினால் எனக்குத் தூக்கம் வராது என்பது என் பேச்சு. இதையெல்லாம் கிசுகிசுவென்று பேச வேண்டியிருந்ததை நினைத்துப் பார். சாப்பிடும்போது, வாத்துக்குத் தவிடு வைக்கும்போது, கோயிலில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டே பல்லைக் கடித்தோம். ஒருநாள் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "லாம் அம்மா, படகுல ஏறு" என்றார். வாய்க்காலைத் தாண்டி வெள்ள வயலின் நடுவுக்குத் துடுப்புப் போட்டுக் கூட்டிக்கொண்டு போய், "இப்ப பேசு, எவ்வளவு வேணும்னாலும் கத்து" என்றார். நானும் கத்தினேன், அவரும் கத்தினார், சுற்றிலும் தண்ணீரும் அல்லியும்தான். பிறகு வந்தது வந்தோம் என்று சித்தகத்திப் பூவை ஒரு கூடை உதிர்த்துக்கொண்டு திரும்பி, லிங் மீன் போட்டுப் புளிக் குழம்பு வைத்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டார், முடிவு மட்டும் வரவில்லை. மெல்லப் பேசிப் பேசி ஒன்று கண்டேன் லாம், கோபத்தில் சொல்ல நினைப்பதில் பாதியைக் கிசுகிசுப்பாகச் சொல்லவே முடிவதில்லை, வாயருகில் வந்ததும் அசட்டுத்தனமாகத் தெரிகிறது.

அப்படியே ஓட்டியிருப்போம், ஆனால் சித்தப்பா ஒருநாள் நடுப்பகலில் அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். "அண்ணி, ஓரத்துல ஒரே ஒரு மூங்கிலை வெட்டிப் பாக்குறேன், கொக்கு என்ன எண்ணிக்கிட்டா இருக்கு?" என்று சிரித்தான். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார், அதில்தான் எனக்கு வெறி வந்தது. நான் போட்ட சத்தத்தில் வாத்தெல்லாம் தண்ணீரில் குதித்தன. அப்பாவும் விடவில்லை, "உனக்கு மகனைவிடக் கொக்கு பெரிசாப் போச்சா?" என்று கேட்டுவிட்டார். சித்தப்பா அரிவாளோடு வந்த வழியே போனான். அன்று சாயங்காலம் ஒரு கொக்கும் வரவில்லை. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. தாம் அத்தைகூட ஒன்றும் கேட்கவில்லை, அவள் கேட்காததுதான் எனக்குச் சுருக்கென்றது. படித்ததெல்லாம் எங்கே போனதோ, வெற்று மூங்கிலைப் பார்த்தபோது என் வாயால்தான் கொக்குகள் போயின என்று தோன்றியது. அப்பா சாப்பாட்டைத் தொடாமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் சொல்லாமல் படகை எடுத்துக்கொண்டு போனவர், மத்தியானம் தாண்டித் திரும்பினார். படகு நிறையக் கொக்கு! பதறிப்போய் ஓடினேன், கிட்டப் போனால் எல்லாம் நுரைப்பஞ்சில் செதுக்கிய பொம்மைக் கொக்குகள். யாரோ கிழக்கே தண்ணீர் வற்றிய வயலில் அவற்றை நட்டு, சுற்றிலும் பிசின் தடவிய குச்சிகளை வைத்திருக்கிறார்கள். நம் கொக்குகள் தங்கள் கூட்டமென்று நினைத்து அங்கே இறங்கியிருக்கின்றன. சிக்கியிருந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பறக்கவிட்டு, பொம்மைகளைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார். தலைமுடியெல்லாம் பிசின், சமையலெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டேன். "கொக்குக்காகப் போகல. உன் வாய்க்குப் பயந்து ஓடிடுச்சுன்னு ஊரே பேசும், அதான் போனேன்" என்றார். நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அன்று பொழுது சாயும்போது முதலில் இரண்டு வந்து சுற்றிப் பார்த்தன, பிறகு மற்றவை. அப்பா வாசலிலேயே நின்றார், எண்ணினாரா என்று நான் கேட்கவில்லை.

இரண்டொரு நாள் கழித்துக் கொக்குகள் இறங்கிக்கொண்டிருக்கிற சமயம் பார்த்து என் பக்கத்தில் வந்து, "முளையைப் பிடுங்கி முன்பக்கம் அடிச்சிட்டேன்" என்று காதோடு சொன்னார். முன்பக்கம் என்றால் என் காய்கறித் தோட்டம் லாம். துளசி, கொத்தமல்லி, பாகல் பந்தல் எல்லாவற்றுக்கும் நடுவில் முளை. எனக்கு அடிவயிற்றிலிருந்து கத்தல் வந்தது, தலைக்குமேல் கொக்குகள், வாயைத் திறக்க முடியவில்லை. அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் சொன்னார், அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் உண்டு என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது. அன்று முழுக்க யோசித்தேன். பந்தலைத் தோப்போரம் மாற்றிக்கொள்ளலாம், பூசணி ஏறிய மண்ணில் பாகல் ஏறாதா? ஏறும்.

ஆனால் குடியிருக்கப் போவது நீங்கள் இருவரும். முன்பக்கத்தில் சாயங்கால வெயில் அடிக்கும், படகுகளின் மோட்டார் சத்தம் கேட்கும், காற்று திரும்பினால் கொக்கு நாற்றமும் வரும், எல்லாம் தெரிந்துகொண்டு பதில் சொல். பின்பக்கம்தான் வேண்டும் என்று நீ சொன்னால் மூங்கிலை வெட்டச் சொல்கிறேன், முகம் சுளிக்கமாட்டேன். ஆனால் என் பிள்ளை அப்படிச் சொல்லமாட்டான் என்று எனக்குத் தெரியும். லுவா அவள் அப்பாவோடு வந்திருந்தாள். என்னோடு அல்லித்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தவள் மேலே பார்த்துவிட்டு, "அத்தை, பின்னாடி கட்டினா நாங்க எப்படிச் சண்டை போடுறது? முன்னாடியே இருக்கட்டும்" என்றாள். அவள் அப்பாவே சிரித்துவிட்டார். நல்ல பெண்ணைத்தான் பார்த்திருக்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள், ஈரக் காலுறையோடு நிற்காதே, சம்பள நாளில் மட்டும் இறைச்சி என்று இருக்காதே. முன்னோர் படத்துக்கு முன்னால் உனக்காகத் தினமும் ஊதுவத்தி வைக்கிறேன், அவர்கள் உன்னைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். கடைசியாக ஒன்று. பண்டிகைக்கு வரும்போது பொழுது சாய்ந்து வராதே, வாய்க்கால் வளைவில் படகு திரும்பியதுமே "அம்மா" என்று கத்தாமல் உன்னால் இருக்க முடியாது, எனக்கும் பதிலுக்குக் கத்தாமல் முடியாது. நடுப்பகலில் வா. அந்த நேரம் கொக்குகள் எல்லாம் வயலில் இருக்கும்.

எல்லா ஆசியுடனும்,
உன் அம்மா