மிருகத்தின் ஈரக் கண்

ஜமுனாமரத்தூர்
28-11-82

என் செந்தாமரைக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். மழை விடவில்லை. கேழ்வரகு அறுப்பு தள்ளிப்போகிறது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு ஜுரம்.

தீபாவளிக்கு வந்தபோது நீ அந்த மிருகப் படத்தைப் பற்றிச் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வேலூரில் கல்லூரியில் படிக்கும்போது நான் ஒரு ராட்சச மிருகப் படம் பார்த்தேன், கறுப்பு வெள்ளையில். மிருகத்தின் முகமே சரியாகத் தெரியாது. கேமரா தரையில், ஓடுகிற ஜனங்களின் காலோடு இருக்கும். விடுதி வந்து சேரும்வரை நானும் தோழிகளும் கையைக் கோத்துக்கொண்டே நடந்தோம்.

உன் கல்யாணத்துக்கு முன்னால் நாம் இருவரும் திருப்பத்தூரில் பார்த்த கலர் படத்தில், கேமரா மிருகத்தின் முகத்துக்கே போய்விட்டது. ஈரக் கண், பெருமூச்சு. அதன் கையில் இருந்த பெண் பொம்மை அளவுக்குச் சிறுத்துப்போனாள். அந்தப் பிடியில் அவள் விலா எலும்பு என்ன ஆகும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. நீ அழுதாய். நானும்தான்.

போன வருஷம் இங்கே மைதானத்தில் திரை கட்டி இன்னொரு படம் காட்டினார்கள். அதில் அதே மாதிரி மிருகம் ஊரைக் காப்பாற்ற வருகிறது. பிள்ளைகள் கைதட்டினார்கள். காப்பாற்றும்போதும் அதன் காலடியில் வீடுகள் நொறுங்கிக்கொண்டுதான் இருந்தன.

தீபாவளியன்று உன் கையில் கன்றிப்போயிருந்த இடத்தைப் பார்த்துக் கேட்டேன். "உனுக்கு இன்னாம்மா தெரியும்? அடிச்சிட்டு அவரே அழுவுறாரு. அந்தக் கலர் படத்துல வருமே, அத்த மாதிரி. மனசு கொழந்த" என்றாய். மாப்பிள்ளையின் கண்ணீர் பொய் என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் நீ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு உன் கைதான் தெரிகிறது.

நேற்று நம்மூர்ப் பச்சையம்மா வந்தாள். உங்கள் ஊர்ச் சந்தைக்குப் புளி கொண்டுவந்தவள், உனக்கும் கொஞ்சம் கொடுக்க உன் வீட்டுக்கு வந்தாளாமே. "மாப்ள மண்ணெண்ண டின்ன உங்க பொண்ணு தலைக்கு மேல தூக்கினு நின்னாரு, டீச்சரம்மா. என்னப் பாத்ததும் வெளையாட்டுக்குன்னு சிரிச்சாரு. செந்தாமர பாப்பா சிரிக்கல" என்றாள்.

அப்போதிலிருந்து நான் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். அனுசரித்துப் போகட்டும் என்று இத்தனை நாள் சொன்னவர், சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் நேரம் விசாரிக்கப் போனார்.

தபாலில் போட்டால் மாப்பிள்ளை பிரித்துப் படிப்பார். அதனால் பச்சையம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். அவர் வேலைக்குப் போனபிறகுதான் உன்னிடம் கொடுப்பாள். அப்பா உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் இருப்பார். படித்ததும் அவளோடு புறப்படு. நகை, புடவை என்று எதையும் எடுக்க உள்ளே போகாதே. அக்கம்பக்கத்தில் கேட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். அது பொய்யும் இல்லை.

எப்போதும் தீர்க்கசுமங்கலியாக இரு என்று எழுதித்தான் உனக்குக் கடிதம் முடிப்பேன். இன்று அதை எழுதக் கை வரவில்லை. நீ நீண்ட ஆயுசோடு இரு, கண்ணே. எனக்கு அது போதும்.

உன் அம்மா
சகுந்தலா