வியாழக்கிழமை லீவு

மார்ச் 3, செவ்வாய்
ஆஸ்பத்திரி சலவை அறைக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு மாசம். வேலைக்கு வந்ததையும் லீவையும் இனி அதுகிட்டதான் சொல்லணும். பேரும் பாஸ்வேர்டும் கேட்கும். மகள் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டைச் சோப்புத்தூள் டப்பா அடியில் எழுதி வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி வியாழன் வீட்டுக்காரிக்குக் கண் ஆபரேஷன். லீவு போட்டாச்சு. "கண்ணு தெளிஞ்சதும் என் மூஞ்சியைப் பார்த்துப் பயந்துடாதே"ன்னேன். சிரிக்கலை. "நீங்க பக்கத்துல இருந்தா போதும்."

மார்ச் 5, வியாழன்
காலையில் ஒரு தடவை கேட்பதோடு சரி, அப்புறம் எத்தனை தடவை போனாலும் பாஸ்வேர்டே கேட்பதில்லை. என் மூஞ்சி பழகிடுச்சு போல. வீட்டுல கூட இந்த மரியாதை கிடையாது.

மார்ச் 8, ஞாயிறு
இடுப்பு வலி. விரிப்பு மூட்டை குறையவே இல்லை.

மார்ச் 10, செவ்வாய்
லீவு போச்சு! "நேத்து நீங்களே ரத்து பண்ணியிருக்கீங்க. உங்க பேரு, உங்க பாஸ்வேர்டு" என்கிறார் மேனேஜர். நான் எதுக்கய்யா ரத்து பண்ணப்போறேன்? மூணு நாள் முன்னாடியே போடணுமாம், இனி முடியாதாம். சொல்லாமல் ரெண்டு தடவை நின்னாச்சு. இன்னொரு தடவை நின்னா வேலை காலி.

அவகிட்ட எப்படிச் சொல்றது?

மார்ச் 11, புதன்
என்னோடு விரிப்பு மடிப்பவள், ஓயாமல் பேசுவதால் நான் குருவி என்று கூப்பிடுகிறவள், இன்றைக்கு வாயே திறக்கவில்லை. "என்னம்மா, அலகு உடைஞ்சு போச்சா?" அழுதுட்டா. அவளும் நாளைக்கு லீவு போட்டிருந்தாளாம். தங்கச்சி வரலைன்னு திங்கட்கிழமை ரத்து பண்ணினாளாம். பார்த்தா, அவ லீவு அப்படியே இருக்கு. போனது என்னுது.

மகளுக்குப் போன் போட்டேன். "அப்பா, அது உங்க மூஞ்சியை எங்க பார்த்துச்சு? ஒரு தடவை பாஸ்வேர்டு கொடுத்தா, பிரவுசரை முழுசா மூடுற வரைக்கும் யார் தொட்டாலும் அதுக்கு நீங்கதான்."

நான் என்னைக்கு மூடினேன்? திட்டக்கூடத் தெம்பில்லை.

குருவி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, யார் தொட்டாலும் நீங்கதானே? எனக்குத்தான் நாளைக்கு லீவாச்சே" என்றாள்.

சோப்புத்தூள் டப்பாவைத் தூக்கி அடியைக் காட்டினேன்.

மார்ச் 13, வெள்ளி
கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டால், நேற்று ஏழு மணியிலிருந்து மூணு மணி வரை நான் விரிப்பு துவைத்தேன். ஊர்க்கோடியில் இருக்கிற கண் ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரி விடாமல் பிடித்திருந்த கை யாருடையதோ.

காலையில் அவள் கண்கட்டை நான்தான் அவிழ்த்தேன். "இவ்வளவு நரைச்சிடுச்சா உங்களுக்கு?" என்றாள்.

வேலை முடிந்ததும் பிரவுசரை மூடினேன். பாஸ்வேர்டை மாத்துங்கப்பா என்கிறாள் மகள். மாத்தணும். ஆனா டப்பா அடியில் இப்போ குருவியோட பாஸ்வேர்டும் இருக்கு; அவ தங்கச்சி வர்ற அன்னைக்கு எனக்கு லீவு, அவ பேர்ல வேலை.