வாண்டுவின் வேகம்

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், நீயும் மாமாவும் சுகமா என்று கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுநாள் எடுத்துப் படித்துத்தானே ஆக வேண்டும்!

சனிக்கிழமை வாண்டுவைப் பார்க்க வந்தவன் ஏன் சாப்பிடாமல்கூடக் கிளம்பினேன் என்று யோசித்திருப்பாய். நீ பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வேகப் பயிற்சியைப் பார்த்தேன், அதனால்தான். பிள்ளைகள் ஒரு ஓட்டம் ஓடினார்கள், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. பிறகு நிழலில் உட்கார்ந்து அரட்டை. மறுபடி ஒரு ஓட்டம், மறுபடி அரட்டை. கிரிக்கெட் பையன்கள், ஹாக்கிப் பெண்கள், அந்த நெட்டைக் கூடைப்பந்துக்காரன், எல்லோரும் சுற்றுலா வந்த மாதிரி இருந்தார்கள். ஒருத்தர் சட்டைகூட நனையவில்லை.

நானும் பள்ளிக்கூடத்தில் கால்பந்து சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன். மூச்சு முட்டாமல் அது என்ன பயிற்சி? வாண்டுவுக்குப் பந்து காலில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் எதிரணிப் பெண் துரத்தினால் எட்டிப் பிடித்துவிடுகிறாள். அந்த ஒரு குறைக்காகத்தான் படிக்கிற மகளைப் பள்ளி மாற்றி உன் வீட்டில் விட்டிருக்கிறேன். ஏப்ரலில் இளையோர் அணித் தேர்வு. இந்த முறை தவறினால் வயது தாண்டிவிடும்.

நீ மனசு வைத்துத்தான் செய்கிறாயா, இல்லை தம்பி பிள்ளைதானே என்று ஒப்பேற்றுகிறாயா? பட்டதைக் கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் தம்பி

*

ஜனவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

கோபித்துக்கொள்ளாதே என்று கடைசியில் ஒரு வரி போட்டுவிட்டால் கோபம் வராது என்று உனக்கு யார் சொன்னது? மாமா உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

களைத்த காலில் வேகம் ஏறாது, தம்பி. உயிரைக் கொடுத்து ஓட வேண்டும், மூச்சு முழுக்கத் திரும்பும்வரை உட்கார வேண்டும், மறுபடி உயிரைக் கொடுத்து ஓட வேண்டும். அந்த உட்காருவதும் பயிற்சிதான். களைப்போடு ஓடவைத்துக்கொண்டே இருந்தால் பிள்ளை மெதுவாக ஓடத்தான் கற்றுக்கொள்ளும். நீ அரட்டை என்று நினைத்த நேரத்தில் நான் ஒவ்வொருத்தர் மூச்சையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாக்கிப் பெண்கள் குனிந்தே ஓடுகிறார்கள். அந்த நெட்டையனை ஒட்டகம் என்று கூப்பிடுவோம், அவனுக்கு ஓடத் தெரியும், சட்டென்று நிற்கத் தெரியாது. உன் பெண்ணுக்குக் கிளம்பும்போதுதான் தகராறு. முதல் நாலைந்து எட்டிலேயே நிமிர்ந்துவிடுகிறாள், பந்து எங்கே என்று தேடுகிற பழக்கம். அது மட்டும் சரியானால் அவளை ஒருத்தியாலும் பிடிக்க முடியாது.

ஒப்பேற்றுகிறேனாம்! இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்பதே அவள் வந்த பிறகுதான். மாமாவின் கண்ணாடியை ஒளித்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி அவரோடு சேர்ந்து தானும் தேடுகிறாள்.

உன் அக்கா

*

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நடுவர் வந்திருந்தார். எங்கள் பள்ளி ஆட்டங்களுக்கு விசில் ஊதுகிறவர், உனக்கும் பழக்கம்தான். போன வாரம் உங்கள் பக்கம் ஒரு வேலையாக வந்தாராம், மைதானத்தை எட்டிப் பார்த்தாராம். வாண்டு ஆணி வைத்த ஷூ போட்டிருந்தாள் என்கிறார். ஓட்டப் பந்தயக்காரர்கள் காலை ஊன்றிக் கிளம்புவார்களே, அந்தக் கட்டையிலிருந்து கிளம்பினாள் என்கிறார். பக்கத்தில் பந்தே இல்லையாம்.

கால்பந்தில் எவள் தரையில் மண்டியிட்டுக் கிளம்புகிறாள்? எனக்குத் தெரியாமல் அங்கே என்ன நடக்கிறது? முன்பெல்லாம் போனை எடுத்ததும் யார் கோல் போட்டார்கள் என்றுதான் கேட்பாள். இப்போது சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்கிறாள். எதையோ மறைக்கிறவர்கள்தான் இப்படிக் குசலம் விசாரிப்பார்கள்.

நீ ஓடிய காலத்தில் உனக்குக் கிடைக்காததை என் பெண் காலால் வாங்கப் பார்க்கிறாயா? உனக்கொரு ஓட்டக்காரி வேண்டுமென்றால் என் பிள்ளைதான் கிடைத்தாளா? இல்லை என்று ஒரு வார்த்தை எழுது, நம்பிவிடுகிறேன்.

உன் தம்பி

*

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

இல்லை. எழுதிவிட்டேன், நம்பு. கட்டையில் காலை ஊன்றினால் தரையைப் பின்னால் தள்ளப் பழகும், நிமிர முடியாது. அவளுடைய குறைக்கு அதுதான் மருந்து. நடுவருக்கு விசில் ஊதத் தெரியும், வேறென்ன தெரியும்?

எனக்கும் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஜனவரி முழுக்க அவள் வேகம் மளமளவென்று ஏறியது. இப்போது ஏறவில்லை, இறங்குகிறது. முதல் ஓட்டத்திலேயே கால் கனமாக விழுகிறது. ராத்திரி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழுகிறாள். கேட்டால் வீட்டுப்பாடம் அதிகம் அத்தை என்கிறாள். பையைத் திறந்து பார்த்தேன், வீட்டுப்பாடம் எழுதின மாதிரி தெரியவில்லை.

முதலில் ஒட்டகத்தின் மேல்தான் சந்தேகப்பட்டேன். வயசு அப்படி. அவனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். பாவம், அழுதுவிட்டான். அவள் தன்னைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று அவனுக்கு ஏற்கெனவே வருத்தமாம்.

நேற்று வாசலில் அவளுடைய பழைய ஷூவை எடுத்துப் பார்த்தேன். குதிகால் பக்கம் தேய்ந்து மழமழவென்று இருக்கிறது. என்னிடம் ஓடுகிற பிள்ளைக்கு முன்பாதம்தான் தேயும். குதிகால் தேய வேண்டுமென்றால் மெதுவாக, வெகுதூரம், நாள் தவறாமல் ஓடியிருக்க வேண்டும். அவள் எங்கே ஓடுகிறாள், யார் ஓடச் சொன்னது? உனக்கு ஏதாவது தெரியுமா? தெரிந்தால் மறைக்காமல் எழுது. இது காலைக் கெடுக்கிற விஷயம்.

உன் அக்கா

*

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கென்ன தெரியும்? பிள்ளை உன் வீட்டில் இருக்கிறாள், நான் இங்கே இருக்கிறேன். பழைய ஷூ என்று நீயே சொல்கிறாய். பழையது தேயாமல் என்ன செய்யும்? இங்கே போட்டுத் தேய்த்ததாக இருக்கும்.

வேகம் இறங்குகிறது என்றால் உன் பயிற்சியில் கோளாறு. அதை மறைக்க ஷூவைத் தூக்கிப் பிடிக்கிறாய் என்று எனக்குப் படுகிறது. பிள்ளையின் பையைச் சோதிப்பது, கூடப் படிக்கிறவனை அழவைப்பது எல்லாம் உனக்கு அழகில்லை. அவள் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிடுவாள்.

தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. ஏதாவது செய்.

உன் தம்பி

*

மார்ச் 16

தம்பிக்கு,

செய்தியைப் போனில் சொல்லிவிட்டேன். சொல்ல வராததை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம். கட்டையிலிருந்து அருமையாகக் கிளம்பினாள், நிமிரவே இல்லை. அட, வந்துவிட்டது என்று எனக்குள் ஒரு சந்தோஷம். பாதி தூரத்தில் யாரோ பின்னாலிருந்து அடித்த மாதிரி துள்ளி, தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். நான் ஓடிப் போவதற்குள் ஒட்டகம் அவளைத் தூக்கிவிட்டான். தசை கிழிந்திருக்கிறது. ஏப்ரல் தேர்வு இனி இல்லை.

பிசியோதெரபிஸ்ட் அம்மா என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் பேசினார். திரும்பி வந்து, “ஒரு நாளைக்கு ரெண்டு பயிற்சி குடுத்தா இந்த வயசுல எந்தக் கால் தாங்கும்? காலையில அப்பாவுக்கு, சாயங்காலம் அத்தைக்குன்னு ஓடியிருக்கா” என்றார். 

விடியற்காலையில் எழுந்து ஊரைச் சுற்று, அத்தையிடம் சொல்லாதே என்று வாராவாரம் போனில் சொன்னாயாம். என்னிடம் எனக்கென்ன தெரியும் என்று எழுதினாய். உன்னைத் திட்டுவதற்கு ஒரு பக்கம் முழுக்க வார்த்தை வைத்திருக்கிறேன். ஆனால் திட்ட எனக்கு வாயில்லை. நூறு மீட்டர் பந்தயத்துக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தேன். இந்த மாதக் கடைசியில் நடப்பதாக இருந்தது. ஜெயித்த பிறகு அப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம், இப்போது வேண்டாம் என்று நான்தான் சொல்லிவைத்தேன். நீ கேட்டபோது இல்லை என்று எழுதினேனே, அது பொய். ஆசைப்பட்டுவிட்டேன், தம்பி. அப்படி ஒரு கால் என் கைக்கு இதுவரை வந்ததில்லை.

ஏன்டீ, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அவளைக் கேட்டேன். “ரெண்டு பேரும் சொல்லாதேன்னீங்க. சொல்லல” என்றாள். அழக்கூட இல்லை.

அக்கா

*

மார்ச் 24

அக்காவுக்கு,

சந்தேகப்பட்டேன், சந்தேகம் சரியாகத்தான் போனது. ஆனாலும் மார்தட்டிக்கொள்ள முடியவில்லை. நீ கொடுக்கிற பயிற்சி போதாது என்று பயந்தேன். நம்பி விட்டவன் முழுசாக நம்பியிருக்க வேண்டும், இல்லை விடாமலாவது இருந்திருக்க வேண்டும்.

அவள் அம்மா என்னோடு பேசுவதில்லை. உன்னோடும் பேச மாட்டாளாம். நாம் இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்கிறாள். பிள்ளையை உடனே கூட்டிவரச் சொன்னாள். பிசியோ அம்மாதான் இப்போது பஸ் பயணம் வேண்டாம், என் கண்முன் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். பள்ளி முடியும்வரை அங்கேயே இருக்கட்டும். எந்த அணியும் வேண்டாம், எந்தப் பந்தயமும் வேண்டாம். அவள் பழையபடி ஓடினால் போதும்.

தம்பி

*

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

வாண்டு நடக்கிறாள். படி ஏறுகிறாள். போன வாரத்திலிருந்து மெதுவாக ஓடவும் ஆரம்பித்திருக்கிறாள். பரீட்சை முடிந்து லீவும் விட்டாயிற்று, பிசியோ அம்மாதான் இன்னும் ஊருக்கு விடவில்லை. மாமா அவளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது அவளிடமே தோற்றுக்கொண்டிருக்கிறார்.

ஆனால் எனக்குத் தூக்கம் இல்லை. கிழிந்த தசையை மறுபடி வேகத்துக்குப் பழக்குவது எப்படி என்று உனக்குத் தெரிந்திருக்கும். கொஞ்சம் வேகம் கூட்டுவேன், வலிக்கிறதா என்று கேட்பேன். இல்லை என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம், ஆமாம் என்றால் அன்றைக்கு அத்தோடு நிறுத்த வேண்டும். எந்தக் கருவியும் இதைச் சொல்லாது, பிள்ளை வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. இன்னொரு தடவை கிழிந்தால் அந்தக் கால் பழைய கால் இல்லை என்று பிசியோ அம்மா சொல்லிவிட்டார்.

தினமும் கேட்கிறேன். தினமும் “இல்ல அத்தை” என்கிறாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எத்தனையோ பிள்ளைகள் வலியை மறைத்து நான் கண்டுபிடித்திருக்கிறேன். இவளிடம் மட்டும் என்னால் முடியவில்லை. நம் இரண்டு பேருக்கும் நடுவில் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்த பிள்ளை அல்லவா! நம்பி வேகத்தைக் கூட்டவும் பயம், நம்பாமல் உட்காரவைக்கவும் பாவமாக இருக்கிறது.

நீ கேட்டுப் பாரேன். பெற்றவனிடமாவது உண்மையைச் சொல்லக்கூடும்.

உன் அக்கா

*

மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் செய்ய நினைத்தேன். எப்படிக் கேட்பது என்று யோசித்ததிலேயே நாலு நாள் ஓடிவிட்டது. சொந்தப் பெண்ணிடம் கால் வலிக்கிறதா என்று கேட்பதற்கு ஒத்திகை பார்த்த அப்பன் நானாகத்தான் இருப்பேன்.

நேற்று சாயங்காலம் கேட்டேன். கத்தவில்லை. சதுரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன், அவள் அம்மா வளர்க்கிற பூனையைப் பற்றிப் பேசினேன். பிறகுதான், கால் வலிக்குதா கண்ணு, அப்பாகிட்ட மட்டும் சொல்லு என்றேன்.

 மெதுவாக, “அத்தை கேக்கச் சொன்னாங்களா?” என்றாள்.

இல்லம்மா, நானாத்தான் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டேன் அக்கா. சொல்லி முடித்த பிறகுதான் மறுபடியும் மறைத்துவிட்டேன் என்பதே எனக்கு உறைத்தது.

“அப்ப வலிக்கலப்பா” என்றாள்.

உன் தம்பி