அமாவாசை கழியட்டும் என்றார்கள்

ஏப். 8, புதன்

காலையிலேயே அனல். கடை ஷட்டரைத் தொட்டா கை பொசுங்குது. புத்தாண்டு சரக்கு இறங்கியாச்சு. காட்டன் நைட்டி, உள்பாவாடை, ஃபீடிங் நைட்டி. ஃபீடிங் நைட்டியில ரெண்டு எக்ஸ்.எல். எனக்குன்னு ஒதுக்கிட்டேன். கடைக்காரியே தன் சரக்கை உடுத்தலைன்னா ஊர் எதுக்கு உடுத்தும்.

சூரத் ஏஜென்ட் வந்தான். "மேடம், இன்னிக்கு ஒரு நாள்தான் இந்த ரேட்." எழுந்தேன். இந்த வயித்தோட எழுந்திருக்கிறதே ஒரு காட்சி. வாசல் வரை போய் ரோட்டைப் பார்த்து நின்னேன். பின்னாலயே "மேடம், மேடம்". இறங்கிட்டான்.

எத்தனை வருஷமா இதே வித்தை. எழுந்து வாசல் வரை போகணும். கூப்பிட்டு இறங்கி வந்தான்னா முதல்ல சொன்னது சும்மா. கூப்பிடலைன்னா அதுதான் நிஜ ரேட், கௌரவம் பார்க்காம திரும்பி வந்து வாங்கிக்கணும். தேனாம்பேட்டையில ஆபீஸ் ஆபீஸா லஞ்ச் டைம்ல பையைத் தூக்கிட்டுப் போய் நைட்டி வித்தப்ப, அங்க வாங்கின பொம்பளைங்க என்கிட்ட செஞ்சதுதான். அவங்ககிட்ட கத்துக்கிட்டது.

வீட்டுல அத்தை. திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கினதுலேருந்து ஒரே பேச்சு. மருமக பங்குனிக்குள்ள பெத்துரணும். சித்திரைப் பிள்ளை வீட்டுக்கு நஷ்டமாம். டாக்டர்கிட்ட சொல்லி மருந்து வெச்சு வலி வர வைக்கணுமாம். ஜோசியர் ஞாயித்துக்கிழமை காலையில நேரம் குறிச்சுக் குடுத்துட்டாராம்.

யாராவது எனக்குக் கெடு வெச்சா எனக்கு முதல்ல தோணறது: இவங்க எதையோ விக்கறாங்க.

கால் வீக்கம். செருப்பு ஒரு சைஸ் பெரிசா வாங்கணும்.

ஏப். 9, வியாழன்

அடையாறு. டாக்டரம்மா. நான், வீட்டுக்காரர் முருகேசன், அவங்க அம்மா அத்தை. மத்திய கைலாஷ் சிக்னல்ல வண்டி நின்னு நின்னு மு.வுக்கும் எனக்கும் சண்டை, ஏ.சி. விஷயமா.

உள்ளே போனதும் அத்தைதான் ஆரம்பிச்சாங்க. "டாக்டரம்மா, ஞாயித்துக்கிழமை மருந்து வெச்சு வலி வர வெச்சிரலாமா? நேரம் பாத்துட்டு வந்திருக்கோம்."

டா. என்னைத்தான் பார்த்தாங்க. "நாள் நெருங்கியாச்சு, கேட்டா செய்யலாம்மா. ஆனா கர்ப்பப்பை வாய் இன்னும் கெட்டியா மூடியிருக்கு. இப்ப மருந்து வெச்சா ரொம்ப நேரம் இழுக்கலாம். காத்திருந்தாலும் தப்பில்லை. ஜெயா, நீங்க சொல்லுங்க."

எழுந்துட்டேன். பழக்கதோஷம். கதவு வரை போய், "அப்ப வேணாம்னா?"

"வேணாம்னா வேணாம். அடுத்த வாரம் ஸ்கேனுக்கு வாங்க. அசைவை மட்டும் கவனிச்சுக்கிட்டே இருங்க. குறைஞ்சா நேரங்காலம் பாக்காம வரணும்."

ஒரே மூச்சுல இறங்கிட்டாங்க. அப்ப அவசரம் டாக்டருடையது இல்லை. ஜோசியருடையது.

திரும்பறப்ப கார்ல அத்தை: "செய்யலாம்னுதான சொன்னா அந்தம்மா?"

"செய்யலாம்னாங்க அத்தை. செய்யணும்னு சொல்லலையே."

"ஏட்டி, வாயில்லாப் பிள்ளையா பாத்து கட்டியிருக்கணும் இவன்."

"அவரு பாத்தாரு. கிடைக்கலை."

மு. கண்ணாடியில என்னைப் பார்த்து சிரிச்சுட்டு, அம்மாவைப் பார்த்ததும் நிறுத்திட்டாரு.

நான் பயந்துக்கிட்டு வேணாம்னு சொல்லலை. உஷா அக்காவுக்கு நாள் பார்த்துதான் வலி வர வெச்சாங்க. மருந்து மேல மருந்து, வலி ஏறறதும் இறங்கறதும், கடைசியில வயித்தைக் கிழிச்சுதான் எடுத்தாங்க. பிள்ளை நல்லாத்தான் இருக்கான். அக்கா மட்டும் இன்னும் சொல்றா, "யாருக்கு அவசரம்னே எனக்குத் தெரியலடி." எனக்குத் தெரியணும். யாருக்கு அவசரம்னு தெரியாம நான் எதையும் வாங்கினதில்லை.

ஏப். 11, சனி

கடையில கால் வைக்க இடமில்லை. வர்ற கஸ்டமர் எல்லாம் நைட்டியைப் பாக்கறதுக்கு முன்னாடி வயித்தைப் பாக்கறாங்க. இறங்கிருச்சு, இறங்கலை, பொண்ணு, பையன், குங்குமப்பூ, சீரகத் தண்ணி, மாடிப்படி ஏறு, படியே ஏறாதே.

ஒரு மாமி, மயிலாப்பூர்: "எங்காத்துல எல்லாம் நாள் பார்த்துண்டுதான் அட்மிட் ஆறது. நீங்க எப்போ?"

நான் கடை முழுக்கக் கேக்கற மாதிரி: "வர்றப்ப வரட்டும் மாமி. நாள் குறிச்சு டெலிவரி குடுக்க இது என்ன கூரியரா?"

எல்லாரும் சிரிச்சாங்க. மாமியும் சிரிச்சு மூணு நைட்டி எடுத்துண்டு போனா. கல்லாவுல இருக்கற கஸ்தூரி மட்டும், "யக்கா, சவுண்டா சொல்லாத. கேட்டுக்கினு கீது உள்ள."

சாயங்காலம் மு. மெதுவா: "நாளைக்குத்தான் அந்த நேரம். அம்மாவுக்காக..."

"உங்க அம்மாவுக்காக மாங்கா ஊறுகாயில உப்பு கூடப் போடறேன். இது முடியாது."

தூக்கம் சுமார். உள்ளே நல்ல உதை. எனக்கு ஓட்டு போடுது.

ஏப். 14, செவ்வாய். சித்திரை 1

மாங்கா பச்சடி, வேப்பம்பூ, வடை. அத்தை பரிமாறினாங்க, பேசலை. இலையில பச்சடி வைக்கறப்ப வேப்பம்பூ என் பங்குல மட்டும் தூக்கல்.

டாக்டர் குடுத்த தேதி தாண்டிருச்சு. பங்குனியும் முடிஞ்சுது. ஜெயிச்சுட்டேன்னு நினைச்சுக்கிட்டு ரெண்டு வடை கூட.

மதியம் ஜோசியர் போன். கணக்கு மாறிருச்சாம். சித்திரைன்னு ஆனப்புறம் இருக்கறதுல நல்ல நாள் பாக்கணுமாம். வெள்ளிக்கிழமை அமாவாசை, கூடவே கூடாது. சனி அமாவாசைக்கு மறுநாள் பிரதமை, அதுவும் ஆகாது. அதுக்கப்புறம்னா பரிகாரம் சின்னதா முடிஞ்சுரும்.

அத்தை வாயைத் திறந்தாங்க ஒருவழியா. "ஞாயித்துக்கிழம வரைக்கும் தாங்கிரு ஏட்டி. உனக்குப் பிடிச்ச மாதிரிதான் சொல்லுதேன். மருந்தே வேண்டாம்."

"இறுக்கிப் பிடிச்சுக்கறேன் அத்தை."

போன வாரம் தள்ளிவிடணும், இந்த வாரம் பூட்டி வைக்கணும். மாசக் கடைசியில செக்கைத் தள்ளிப் போடறவனை எனக்குத் தெரியும். இவங்க பிள்ளையைத் தள்ளிப் போடறாங்க.

வெக்கை. கரண்ட் ரெண்டு தடவை போச்சு.

ஏப். 16, வியாழன்

எழுத்து கோணல். எழுதிடணும்.

நேத்து மதியத்திலிருந்தே உதை கம்மி. தூங்குதுன்னு நினைச்சேன். இன்னிக்கு காலையில ஜில்லுனு ஜூஸ் குடிச்சு இடது பக்கமா படுத்தேன். லேசா ஒரு உருட்டல், அவ்வளவுதான். கடைக்குப் போய் உக்காந்தேன், என்ன புத்தியோ. கஸ்தூரி வயித்துல கை வெச்சா. சிரிக்கலை. "இன்னாக்கா, இம்மா அமைதியா கீது? கெளம்பு."

ஆட்டோவுலயே அடையாறு. மு. நேரா அங்கே வந்துட்டாரு. ஸ்கேன். பனிக்குடத் தண்ணி குறைஞ்சிருக்கு. துடிப்பு நல்லா இருக்கு, அசைவு மட்டும் குறைச்சல்.

டா.: "இன்னிக்கே அட்மிட் ஆகுங்க. நாளைக்குக் காலையில ஜெல் வெச்சு வலி வர வைக்கலாம்."

எனக்கு ஞாபகம் வந்தது என்னன்னா, சனிக்கிழமை கடை முழுக்க சொன்ன கூரியர். வெக்கமில்லாம எழுதறேன், அதுதான் ஞாபகம் வந்தது. ஊர் சிரிக்கும். அத்தை சிரிப்பாங்க. "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாமா டாக்டர்?" ஜோசியரோட நாள், என் வாயிலேருந்து.

"இல்லை ஜெயா."

எழுந்தேன். கதவு வரை போனேன். கைப்பிடியைப் பிடிச்சேன். கூப்பிடலை. கதவைத் திறந்தேன். வெளியே அடுத்த பேஷண்ட் ஃபைலோட என்னைப் பார்க்கறா. அப்பவும் கூப்பிடலை. திரும்பிப் பார்த்தேன். டா. பேனாவை மூடி வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. முகத்துல ஒரு மாத்தமும் இல்லை. பத்து ரூபா கூட இறங்காத முகம்.

கதவைச் சாத்தினேன். திரும்பி வந்து உக்காந்தேன்.

"தண்ணி இன்னும் குறைஞ்சா தொப்புள்கொடி அமுங்கலாம். அப்ப யோசிக்கவே நேரமிருக்காது. இன்னிக்கு குழந்தை நல்லா இருக்கு. நல்லா இருக்கறப்பவே ஆரம்பிக்கணும்."

"உங்க பொண்ணா இருந்தா?"

"இந்நேரம் மேல வார்டுல இருப்பா."

சரின்னு சொல்லிட்டேன். பையை எடுத்துட்டு வர ஒரு மணி நேரம் மட்டும் குடுத்தாங்க, அதுவும் முதல்ல துடிப்பைப் பதிவு பண்ணிப் பாத்துட்டு.

கார்ல மு.: "அம்மாகிட்ட என்னன்னு சொல்றது? நாளைக்கு அமாவாசை."

"சொல்ல வேண்டாம். அவங்களுக்குத் தெரியும்."

வீடு. பை: ஃபீடிங் நைட்டி 2, துண்டு 4, பழைய காட்டன் புடவை, ஸ்கேன் ஃபைல், ஆதார், சார்ஜர், ஹேர் கிளிப், சாக்ஸ் (ஏ.சி.).

அத்தை ரூம் வாசல்ல நின்னாங்க. "அன்னைக்கு வேண்டாம்னே. பங்குனி அழகா கிடந்துச்சு. இன்னைக்கு அமாவாசையைப் பாத்து ஓடுதியே. எனக்கு எதிர்ல செய்யணும்னே செய்யுதியாட்டி?"

அடி சரியான இடத்துல விழுந்தது. வெளியிலிருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். சொன்னேன்: "அன்னைக்கு பிள்ளை உதைச்சுது அத்தை. இன்னைக்கு உதைக்கலை. எனக்கு அது ஒண்ணுதான் கணக்கு."

மு. இடையில: "ரெண்டு நாள்தானே ஜெயா, இன்னொரு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை..."

"கேளுங்க. போன்ல கேளுங்க. நான் போய்க்கிட்டே இருக்கேன்."

அத்தை: "அமாவாசையில பிறந்தா திருடனாயிரும்னு சொல்லுதாங்க. கேக்குதியா?"

"டி.நகர்ல கடை வைக்கப் போற பிள்ளை. கொஞ்சம் கைவரிசை இருக்கட்டும்."

அவ்வளவுதான். உள்ளே போய் பெட்டியை எடுத்துட்டு வந்துட்டாங்க. "நான் நெல்லைக்குப் போறேன். இந்தக் கண்ணால பாக்க மாட்டேன்." வாசல் வரை நடந்தாங்க. மு. என்னைப் பாக்கறாரு, கூப்பிடு, கூப்பிடுன்னு கண்ணாலயே. நான் சாக்ஸை மடிச்சேன். எனக்குத் தெரியாத வாசலா. லிஃப்ட் வந்த சத்தம். கதவு திறந்த சத்தம். மூடின சத்தம். மு. செருப்பைத் தேடறாரு.

காலிங் பெல்.

அத்தை, பெட்டியோட. "ஃபிளாஸ்க்கை மறந்துட்டேன்."

அடுக்களையில போய் ஃபிளாஸ்க்ல சுக்குக் காப்பி ஊத்திக்கிட்டு, எங்களுக்கு முன்னாடி கார் பின்சீட்ல போய் உக்காந்துட்டாங்க. பெட்டி மடியில.

கஸ்தூரிக்கு போன். "நீ போக்கா, கடை எங்கியும் ஓடிப்போவாது. ஆனா அந்தக் கூரியர் மேட்டர் கேட்டாங்கன்னா இன்னா சொல்றது?"

"அட்ரஸ் தெரிஞ்சு கதவைத் தட்டிட்டான்னு சொல்லு."

வார்டு. ஜன்னல் வழியா சாயங்கால டிராஃபிக். வயித்துல பெல்ட் கட்டியிருக்காங்க. பயமா இருக்கு. இருக்கட்டும். யாரும் என் தலையில கட்டலை, நானா வாங்கினது.

ஏப். 17, வெள்ளி. அமாவாசை

காலையில ஜெல் வெச்சாங்க. டா. சொன்னதுல எதையும் மறைக்கலை. ஒரு தடவையில வேலை செய்யாம போகலாம், இன்னொண்ணு வைக்கணும், சிரமம்னா ஆபரேஷன். உஷா அக்காவுக்கு நடந்ததெல்லாம் எனக்கும் நடக்கலாம். கையெழுத்து போட்டேன். அக்காவுக்கு போன் பண்ணி சொன்னேன், "எனக்கு யாருக்கு அவசரம்னு தெரியும்க்கா." பத்திரம்னா அவ. அப்புறம், "தலைமுடியை நல்லா இறுக்கிக் கட்டிக்கோ, வேர்க்கும்."

இடுப்புல ஏதோ பிடிக்குது. விடுது.

அத்தைக்கு அமாவாசை விரதம். காக்காவுக்கு வைக்காம சாப்பிட மாட்டாங்க. கேன்டீன் சாதத்தை ஜன்னல் விளிம்புல வெச்சு கா, கான்னு கூப்பிட, நர்ஸ் ஓடி வந்து, "ஐயோ அம்மா, இது ஐ.பி. வார்டு!" அதுக்குள்ள ஒரு காக்கா வந்து எடுத்துட்டுப் போயிருச்சு. அத்தை முகத்துல வந்ததுலேருந்து முதல் சிரிப்பு. மு. கீழே போய் அழுதுட்டு வந்திருக்காரு. கண்ணு சொல்லுது. கேக்கலை.

வலி இப்ப ஒழுங்கா வருது. முதுகிலிருந்து கிளம்பி முன்னால. தையல்காரி அளவு டேப்பை இழுத்து இழுத்துப் பிடிக்கற மாதிரி.

அத்தை ஃபிளாஸ்க்கைத் திறந்தாங்க. நர்ஸ்: "அவங்களுக்கு இப்ப எதுவும் குடுக்கக் கூடாதும்மா."

"அவளுக்கு யார் குடுத்தா? எனக்கு."

சிரிச்சேன். சிரிச்சா இன்னும் வலிக்குது.

துடிப்பு மெஷினை நர்ஸ் சத்தமா வெச்சிருக்கா. கடை மாடியில தையல் மெஷின் எல்லாம் ஒண்ணா ஓடறப்ப கேக்குமே, அந்தச் சத்தம். நூல் அறுந்தா எனக்குக் கீழே உக்காந்தே தெரியும். அறுந்ததே இல்லை காலையிலிருந்து. வலி வர்றப்ப மட்டும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கறேன்.

அத்தை காப்பி டம்ளரைக் கீழே வெச்சுட்டு பக்கத்துல வந்துட்டாங்க. அவங்களும் காதைக் குடுத்துக்கிட்டு. ஜோசியர் கூப்பிடறாரு, அத்தையோட போன் பெட்டி மேல கிடந்து அதிருது. எடுக்கலை.

பெரிசு ஒண்ணு வருது

அத்தை என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஓடுதுல்லா?"

ஓடுது அத்தை.