விமான நிலையத்தில் உங்கள் பெயர்

நாடாளுமன்றச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் காப்பியைத் தொடும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் போன முறை சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் உங்களைத்தான் கூப்பிட்டார்கள். "அருணாசலம்!" என்று அந்த அதிகாரி சத்தமாகச் சொன்னதும், நீங்கள் வருகிறீர்களா என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் எழுந்து போனேன்.

இங்கே இனிஷியல் கிடையாது. வந்த புதிதில் அதை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன். அன்றிலிருந்து என் குடும்பப் பெயர் நீங்கள்தான். எந்த ஊர் அருணாசலம் என்ன செய்தாரோ, திரும்பி வரும்போதெல்லாம் என்னைத் தனி அறையில் உட்கார வைக்கிறார்கள். பெயர்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஆமாம் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

குடியுரிமை மனுவும் பாதுகாப்புச் சோதனையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. "இப்ப டிராவல் பண்ணாதீங்க மேடம். திரும்ப உள்ள விடுவாங்கன்னு என்னால கேரண்டி தர முடியாது" என்கிறார் வக்கீல். ஈரோட்டில் அம்மா விழுந்ததில் அவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. இங்கே ஃப்ரீமான்ட் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டே அவளுடைய எக்ஸ்-ரேயை ஃபோனில் பார்க்கிறேன்.

நாம் சண்டை போட்டது நினைவிருக்கிறதா? உளவுத் துறையைக் கேள்வி கேட்க நம் நாடாளுமன்றத்தில் ஒரு குழுகூட இல்லையே என்று பொருமுவீர்கள். "அமெரிக்காவுல கமிட்டி இருக்குது கண்ணு. எப்பேர்ப்பட்ட ஏஜென்சியா இருந்தாலும் வந்து பதில் சொல்லோணும்."

"கதவைச் சாத்திட்டுத்தானே சொல்றாங்க?"

"சாத்துனா என்ன? நம்ம ஆளு ஒருத்தரு உள்ள இருக்காருல்ல!"

அந்த நம்பிக்கையை, என்னுடையதல்ல, உங்களுடையதை எடுத்துக்கொண்டு இங்கே எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் பெண்ணும் தமிழ்தான்.

"நாங்க கேட்டோம் ஆன்ட்டி. உங்க பேரு சந்தேக லிஸ்ட்ல இருக்குன்னு கன்ஃபர்மும் பண்ண மாட்டோம், இல்லைன்னும் சொல்ல மாட்டோம்னு ரிப்ளை வந்திருக்கு."

"உளவுத் துறையைக் கண்காணிக்கிற கமிட்டி மெம்பர் யாரையாவது கேக்கலாமா?"

"அவங்களுக்குத் தெரிஞ்சாலும் வெளிய சொல்லக் கூடாது. சீக்ரெட்."

"எனக்காக உள்ள கேட்டாங்களா இல்லையான்னாவது?"

"அதுவும் சீக்ரெட், ஆன்ட்டி."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. நம்ம ஆள் உள்ளேதான் இருக்கிறார், அப்பா. கதவு அவரையும் சேர்த்துத்தான் சாத்தியிருக்கிறது.

உங்கள் மாப்பிள்ளைக்கு எல்லாமே சுலபம். "கோர்ட்ல போய் பேரை மாத்திடு. என் பேரைப் போட்டுக்கோ. என்னமோ உங்கப்பாவை வீட்டை விட்டுத் தொரத்தச் சொன்ன மாதிரி முறைக்காத." மாற்றினால் மட்டும் விட்டுவிடுவார்களா? முன்பு என்ன பெயர் என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்களே! அதோடு, பெயர்தான் குற்றம் என்று யார் எனக்குச் சொன்னது?

நேற்று ஃபோனில் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். உங்கள் பெயரை ஒரு நாளும் வாயால் சொல்லாதவள். ரேஷன் கடையில் கேட்டால்கூட, "நீ சொல்லு" என்று என் தோளைத் தட்டுவாளே. படுத்த படுக்கையிலிருந்து சீறினாள்.

"அருணாசலங்கிற பேருல என்ன கண்ணு தப்பு? என்கிட்ட கேக்கச் சொல்லு. அருணாசலம் யாருன்னு நான் சொல்றேன்!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"அய்யோ, சொல்லிப்போட்டனே" என்றாள். பிறகு மெதுவாக, "அப்ப ஆபரேசனுக்கு நீ வர மாட்டே." அதை அவள் கேள்வியாகக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் எங்கள் நூலகத்தில் உறுப்பினர் மக்களைச் சந்திக்கிறார். மைக்கில் முதலில் முழுப் பெயரைச் சொல்ல வேண்டுமாம். உங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வேன். சொல்லிவிட்டு, நான் அம்மாவைப் பார்க்கப் போனால் திரும்பி வர முடியுமா, முடியாதென்றால் ஏன் என்று தெரிந்தவர் உங்களில் யார் என்று கேட்பேன். பதில் வராது, எனக்குத் தெரியும். அம்மாவுக்காக அதற்குப் பிறகு நான் பெயரை மாற்றிக்கொள்ளவும் கூடும். மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியை உங்கள் பெயரில்தான் கேட்பேன். இது சத்தியம், அப்பா.

இன்று வரை உங்கள் பெயரோடு இருக்கும் மகள்,
அ. பூங்கொடி